கண்ணாடி அலுமாரி மூளை

அந்தப் பிளாஸ்டிக் மூளை இப்போது எங்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. டொக்டர் போன மாதம் காலமானார். "அப்பாட ஞாபகமா வச்சிருங்கோ, அன்ரி" என்று அவருடைய மகள் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனாள். நல்ல பிள்ளை. எதை எந்த வீட்டுக்குக் கொண்டுவந்தோம் என்று அவளுக்குத் தெரியாது.

எழுபதுகளில் மெல்பேர்னில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் டொக்டர் வீட்டில் கூடுவோம். அவர் தோல் வைத்தியர். வேலையில் சொறியும் தேமலும் பார்த்த மனிதர் வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் மூளையை வைத்திருந்தார்! அதைக் கழற்றிக் காட்டாமல் அவருக்குச் சோறு இறங்காது. வெளியே தடித்த உறை, நடுவில் சிலந்தி வலை போன்றது, உள்ளே மூளையின் மடிப்புகளுக்குள் எல்லாம் புகுந்து ஒட்டிக்கிடக்கும் மெல்லியது; உள்ளிரண்டுக்கும் இடையே ஓடும் நீரில்தான் மூளை மிதக்கிறது என்பார். "மண்டையோட்டுக்கும் தடிச்ச உறைக்கும் நடுவில இடமே இல்லை. இரத்தம் கசிஞ்சால்தான் அங்க இடம் உண்டாகும்" என்று, என் கணவருக்கு அடிபட்ட அன்றைக்கும் சொன்னார். யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் தாதியாக இருந்த நான் புதிதாய்க் கேட்பதுபோலத் தலையாட்டினேன். இங்கே என் சான்றிதழ் செல்லவில்லை. டண்டினொங்கில் ஒரு முதியோர் விடுதியில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்ட பின் ஆண்கள் பின்வளவில் கிரிக்கெட் ஆடினார்கள். பந்து என் கணவரின் இடது நெற்றிப்பொட்டில் பட்டது. விழுந்தார், ஒரு நிமிடம் நினைவில்லை, பிறகு எழும்பிச் சிரித்தார். டொக்டர் மண்டையைத் தடவிப் பார்த்து, வெடிப்பில்லை என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு மணித்தியாலத்தில் தலையிடியும் வாந்தியும் வந்தன. இறைச்சிக்கறி கூடிப்போய்விட்டதாம், டொக்டர் சொன்னார். படுத்திருந்தவரின் இமைகளை விலக்கிப் பார்த்தேன். இடது கண்மணி வலதைவிடப் பெருத்திருந்தது; மண்டைக்குள் இரத்தம் கட்டுவதன் அறிகுறி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன்.

"நான் பாத்திட்டன்" என்றார் டொக்டர். "நீர் இஞ்ச நேர்ஸ் இல்லை, பிள்ளை."

கார் வைத்திருந்த எவரும் அசையவில்லை. டொக்டர் வீட்டில் இருந்துகொண்டு இன்னொரு டொக்டரிடம் ஓடுவது அவருக்கு மரியாதைக் குறைவு அல்லவா? அந்த மரியாதைக்காக நானும் கட்டிலருகே கதிரையில் முக்கால் மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதரை எவ்வளவு வெறுக்கிறேனோ, அந்த முக்கால் மணித்தியாலத்துக்காக என்னையும் அவ்வளவு வெறுக்கிறேன். கூப்பிட்டும் கணவர் கண் திறக்காதபோதுதான் அவர்களுடைய தொலைபேசியை எடுத்து நானே அம்புலன்ஸை அழைத்தேன்.

மண்டையோட்டில் துளையிட்டு இரத்தத்தை எடுத்தார்கள். எலும்புக்கும் தடித்த உறைக்கும் நடுவில், டொக்டர் விரல் வைத்துக் காட்டிய அதே இடத்தில்தான் கட்டியிருந்தது. உயிர் தப்பியது. வலது கையும் பேச்சின் பெரும்பகுதியும் திரும்பவில்லை. டொக்டர் மூன்றாம் நாள் பார்க்க வந்தார், பையில் அந்த மூளையோடு. மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. கட்டிலைச் சுற்றி நின்றவர்களுக்கு இரத்தம் எங்கே கட்டியது என்று கழற்றிக் காட்டினார். சனம் அதையும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. பிறகும் ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்குப் போனது.

இன்று என் கணவர் இடது கையால் அந்த உறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நெடுநேரம் உற்றுப் பார்த்தார். ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்க அவருக்கு நேரம் எடுக்கும். அவசரமில்லை, நான் காத்திருந்தேன்.

"பொம்மை" என்றார்.