பெரிய வார்த்தைக்குள் சின்ன வார்த்தை

ஆங்கிலத்தில் எந்தத் தாள் வந்தாலும் சூசைமேரி முதலில் வரியின் கடைசிக்குப் போய்விடுவாள். தமிழில் வினைச்சொல் அங்கேதானே இருக்கிறது, இங்கிலீஷ்காரன் மட்டும் அதை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்துவிடப் போகிறான் என்பது அவள் நினைப்பு. கடைசியில் அகப்படாவிட்டால் ஒவ்வொரு சொல்லாகப் பின்னோக்கி நடந்து வருவாள். "வேலையச் சொல்ற வார்த்த கெடச்சுப்போட்டா மத்ததெல்லாம் தானா வந்துருமுங்க" என்பாள்.

சிங்காநல்லூர் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் அவளுடைய ஜெராக்ஸ் கடை. பத்தாவதோடு நின்ற படிப்பு. ஆனாலும் வருகிறவர்களின் தாளைப் படிக்காமல் கண்ணாடியில் கவிழ்க்க மனசு வராது. தெரிந்த சொல்லின் கீழே நகத்தால் கீறுவாள், தெரியாததை உடைப்பாள். "பெரிய வார்த்தைக்குள்ள ஒரு சின்ன வார்த்த ஒக்காந்திருக்குமுங்க, அதப் புடிச்சாப் போதும்." 'என்லார்ஜ்மென்ட்'டுக்குள் 'லார்ஜ்' இருந்ததைக் கண்ட நாளிலிருந்து விடாத பிடி.

அந்தப் பிடி ஒருமுறை வழுக்கியது. பூ விற்கும் மாரியாத்தாளின் மகனைப் பற்றி ஆசிரியை 'ஹார்ட்லி ஸ்டடீஸ்' என்று எழுதி அனுப்பியிருந்தார். 'ஹார்ட்' தெரிந்த சொல்தான். "கஷ்டப்பட்டுப் படிக்கறானுங்க அம்மணி" என்றாள் சூசைமேரி. மாரியாத்தாள் மகனுக்கு லட்டு வாங்கிக்கொண்டு போனாள். பையன் புத்தகத்தைத் தொடுவதே இல்லை என்பது பள்ளிக்கூடத்தில் தெரிந்தபின் அவள் திரும்பி வந்து கேட்ட கேள்விகளை இங்கே அச்சிட முடியாது.

இப்போது சூசைமேரி கையில் இருப்பது கணவர் பிரகாசத்தின் தாள். பக்கவாதத்தில் விழுந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்திருக்கிறார். பேச்சு குழறுகிறது. ஒரு சொல் மட்டும் தெளிவாக வருகிறது: காப்பி. கஞ்சியையும் கூழையும் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கிளம்பும்போது நர்ஸ் நவ்யா, "எல்லாத்தையும் கெட்டியாவே குடுங்கக்கா, மீதி பேப்பர்ல இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடிவிட்டாள்.

தாளின் நடுவில் அந்த வரி: 'பேஷன்ட் மே ஆஸ்பிரேட் ஆன் தின் லிக்விட்ஸ்.' 'மே' என்றால் 'லாம்'. 'தின் லிக்விட்ஸ்', தண்ணியாக இருப்பது. 'ஆஸ்பிரேட்'டை உடைத்தாள். உள்ளே, கடைக்கு எதிரிலுள்ள டியூஷன் சென்டரின் பலகையில் இருக்கும் 'ஆஸ்பயர்' உட்கார்ந்திருந்தது. பெரிதாக ஆசைப்படு என்று அங்கே அர்த்தம் கேட்டு வைத்திருந்தாள். அப்படியானால், நோயாளி தண்ணியாகக் குடிக்க ஆசைப்படலாம். போனில் தட்டிப் பார்த்தாள். அது 'உறிஞ்சலாம்' என்றது. இரண்டும் காப்பிக்குச் சம்மதம் சொல்வது போலத்தான் இருந்தன. உண்மையில், தண்ணியாகக் கொடுத்தால் புரையேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம், உயிருக்கே ஆபத்து என்று எச்சரிக்கிற வரி அது. பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

காப்பி போட்டுவிட்டாள். டம்ளரைக் கண்டதும் பிரகாசம் வாயைத் திறந்தார். அவள் தாளை மறுபடி எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தாள். ஞாயிற்றுக்கிழமை, மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"சித்தெ பொறுங்க, ஒன்னும் வெளங்கமாட்டீங்குது" என்றாள். "நீங்க காப்பிக்கு ஆசப்படறத உங்க மூஞ்சியப் பாத்தே நான் சொல்லிப்போடுவேன். அத மெனக்கெட்டு டாக்டரு எதுக்குங்க எழுதோணும்? அந்த நர்சுப் புள்ள கெட்டியாங்குது. போனு உறிஞ்சலாமுங்குது. நான் யாரத்தானுங்க நம்பறது?"

"காப்பி" என்றார் அவர்.

அவள் கண் நிறைந்துவிட்டது. டம்ளரை அவர் உதடு வரை கொண்டுபோனவள், கீழே இறக்கினாள். ஆள்காட்டி விரலைக் காப்பியில் நனைத்து, சொட்டு இல்லாமல் உதறிவிட்டு, அவருடைய கீழுதட்டில் ஒரு கோடாகத் தடவினாள்.