பேசும் பளிங்கும் கேட்கும் பளிங்கும்

வாவிக்கரையிலிருக்கும் தன்னாமுனையில் மற்றவர்கள் கோழி வளர்த்தார்கள். நான் பின்னறையில் மாதக்கணக்காக இரண்டு பளிங்குகளை வளர்த்தேன். கோழியென்றால் முட்டையாவது கிடைத்திருக்கும். அவை வளரும் மெதனோல் கரைசல் போத்தலின் சூடு குறையாமல், மின்சாரம் போகும்போதெல்லாம் என் போர்வையைச் சுற்றிவிட்டு நான் குளிரில் கிடப்பேன்.

கருஞ்சிவப்பான சேதனப் பளிங்குகள் அவை, கரிமப் படிகங்கள் என்றும் சொல்வார்கள். மிகக் குறுகிய லேசர்த் துடிப்புப் பட்டால் ஒன்று டெராஹெர்ட்ஸ் அலையை வெளிவிடும், மற்றது பிடித்துக்கொள்ளும். ஒன்று பேச, மற்றது கேட்கும். அந்த அலை துணியையும் கடதாசியையும் கடந்துபோய், வழியில் என்ன பொருள் கிடந்ததென்று கோள் சொல்லும். அலைவரிசை எவ்வளவு அகலமோ, கோளும் அவ்வளவு விபரமாக இருக்கும். இதற்கான தூளை அனுப்பிய வெளிநாட்டுப் பேராசிரியர், பளிங்குகள் சரியாக வந்தால் என்னை ஆராய்ச்சி மாணவனாக எடுப்பதாகச் சொல்லியிருந்தார். லேசர் அவரிடம் இருந்தது. என்னிடம் போர்வை இருந்தது.

பளிங்குகளை உலர்த்திச் சின்னப் போத்தலொன்றில் அடைத்து, கொழும்பிலிருந்து விமானத் தபாலில் அனுப்பப் புறப்பட்டேன். மச்சான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போனான். யுத்த காலம். பாலத்தடிச் சோதனைச் சாவடியில் அரைகுறைத் தமிழ்ச் சிப்பாய் ஒருவன் போத்தலைத் தூக்கிப் பார்த்தான்.

"இது என்னா?"

"கல்லு" என்றிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் என் ஆய்வைப் பற்றி ஒருவன் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அவனுக்குப் பிடித்தமான உதாரணமாகத் தேடிச் சொன்னேன்:

"பொதிக்குள்ள வெடிமருந்து கிடந்தாலும் இதால கண்டுபிடிக்கலாம்."

அங்கே யாரும் உச்சரிக்காத சொல்லை நானாகவே எடுத்துக் கொடுத்திருந்தேன். சந்தேகமான சாமானைப் போடுவதற்கென்றே அங்கே ஒரு தண்ணீர் வாளி நிற்கும். சிப்பாய் மூடியைத் திறந்து, போத்தலோடு அதை நோக்கி நடந்தான். என் பளிங்குகளுக்குத் தண்ணீர்தான் எமன்.

"ஐயோ, தண்ணியில போடாதீங்க!"

நான் கத்திய கத்தலில் அத்தனை பேரும் மணல்மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தார்கள். போத்தல் வாளிக்குள் பாய்ந்தது. நானும் மச்சானும் தலையில் கைவைத்து முழங்காலில் நின்றோம்.

"உனக்கு வாயைப் பொத்திக்கொண்டு இரிக்கேலாதா மச்சான்?" என்று அவன் என்னைக் கேட்டான்.

தமிழ் தெரிந்த அதிகாரி வந்தார். "உண்மையாவே இது வெடிமருந்தைக் கண்டுபிடிக்குமா?"

மச்சான் முந்திக்கொண்டான். "இவன் துலைச்ச செருப்பையே கண்டுபிடிக்கமாட்டான் சேர்."

அதிகாரி என்னைப் பார்த்தார்.

"இங்க வேலை செய்யாது சேர். லேசரும் இல்ல. காத்தில ஈரம் கூடுதல், அது அலையைக் குடிச்சிரும்" என்றேன். உயிர் தப்பச் சொன்னதுதான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவர் பாலத்துக்குக் கீழே கிடந்த வாவியைப் பார்த்துச் சிரித்துவிட்டு எங்களைப் போகவிட்டார்.

வாளியிலிருந்து போத்தலை எடுத்து வடித்துப் பார்த்தேன். தண்ணீர் உள்ளே புகுந்து, கருஞ்சிவப்பு தோடம்பழத்தின் செம்மஞ்சளாக மாறியிருந்தது.

"நிறம் நல்ல வடிவா வந்திரிக்கு. மறுகா என்ன வேணும்?" என்றான் மச்சான்.

நப்பாசையில் அனுப்பித்தான் பார்த்தேன். லேசரில் வைத்தால் ஒன்று ஊமை, மற்றது செவிடு. என்ன நடந்ததென்று பேராசிரியர் கேட்டார். ஈரப்பதம் கொஞ்சம் கூடிவிட்டது என்றேன். பொய்யில்லை, ஒரு வாளி கூடியிருந்தது.

நல்ல மனிதர், திரும்பவும் தூள் அனுப்பினார். ஈரமில்லாத இடத்தில் வளர்க்கும்படி ஆலோசனையும் வந்தது. சன்னலுக்கு வெளியே வாவி கிடந்தது. நான் போர்வையை எடுத்தேன்.