சித்தியின் நைட்டிப் படம்

பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகள் நிறைந்த ஒயிட் டவுனில் ஒரு ஓட்டல். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் என் சித்தி சிரித்துக்கொண்டிருக்கிறாள். பெரிய கறுப்பு வெள்ளைப் படம். பூப்போட்ட நைட்டி, தோளில் துண்டு, இடுப்பில் பிளாஸ்டிக் குடம், எண்ணெய் வழியும் முகம். காபி குடிக்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "என்ன ஒரு சிரிப்பு!" என்று வியக்கிறார்கள். இந்தச் சிரிப்பால் எங்கள் குடும்பத்தில் நடந்த கூத்து அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது!

எடுத்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. மதாம் என்றுதான் நாங்கள் கூப்பிட்டோம். ஊர் ஊராகப் போய், மனிதர்களை அவர்கள் அன்றாடம் இருக்கிறபடியே படம் பிடிப்பது அவர் வேலை. கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருக் குழாயடியில் யாரையோ கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்த சித்தியிடம் கேமராவைக் காட்டி, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். சித்தியும் தலையாட்டியிருக்கிறாள். அந்த நொடியே மதாம் எடுத்து முடித்துவிட்டது அவளுக்குத் தெரியாது. போட்டோ என்றால் புடவை மாற்றிக்கொண்டு வந்து நிற்பதுதானே நம் வழக்கம்? பட்டு கட்டி, பவுடர் பூசி, மல்லிகை வைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது மதாம் அடுத்த தெருவுக்குப் போயே போய்விட்டார்.

கடற்கரைப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் படங்களைக் கண்காட்சியாக வைத்திருப்பதாகவும், அதில் சித்தி நைட்டியோடு சிரிப்பதாகவும் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னபோதுதான் விஷயமே தெரிந்தது.

"ஐயோ மாதாவே! நைட்டியோடயா? ஞாயித்துக்கெழம பூசைக்கு எந்த மூஞ்ச வெச்சிக்கினு போவேன்?"

படத்தில் அழகாகத்தான் இருப்பாய் சித்தி என்று நான் சொன்னதும் பாய்ந்துவிட்டாள். "ஒனக்கு இன்னாடி தெரியும்? நாளைக்கி நான் போயிட்டன்னா, எல்லாரும் என்ன இந்தக் கோலத்துலதான நெனச்சிக்குவாங்க?"

அன்று மாலையே அதே பட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். நானும் சித்தப்பாவும் பின்னாலேயே ஓடினோம். நேராகப் போய்த் தன் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும், "நான்தாங்க இது. தண்ணி வர்ற நேரம், அதான் இப்பிடி" என்று விளக்கம் சொன்னாள். விளக்கை அணைக்கிற வரைக்கும் நகரவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மதாமுக்கு ஒருவர் மொழிபெயர்த்துச் சொன்னார். மதாம் பதறிப்போய்ச் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாளே வீட்டுக்கு வந்து, பட்டுப்புடவையில் நாற்காலியில் உட்கார வைத்து இன்னொரு படம் எடுத்தார். எவ்வளவு கேட்டும் சித்தி சிரிக்கவில்லை. "போட்டோவுக்கு யாராச்சும் பல்லக் காட்டுவாங்களா?" அதே அளவில், அதே தடித்த காகிதத்தில், சட்டம் போட்டு அது வீட்டுக்கு வந்ததும்தான் அவள் மனம் ஆறியது. முதல் படம் இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். அதை இந்த ஓட்டல்காரர் வாங்கி மாட்டினார்.

போன வருஷம் சித்தி போய்விட்டாள். தெருமுனை பேனரிலும் பட்டுப்புடவைதான், வீட்டில் மாலை போட்டிருப்பதும் அதுதான். அவள் ஆசைப்பட்டபடியே எல்லாம் நடந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் யாரோ கல்யாணத்துக்குக் கிளம்பி உட்கார்ந்திருப்பது போலத்தான் எனக்கு இருக்கும்.

கொஞ்ச நாள் கழித்துச் சித்தப்பா மெல்லக் கேட்டார். "பாப்பா, அந்த ஓட்டலுக்கு என்ன ஒருவாட்டி இட்டுக்கினு போறியா?"

இப்போது ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் போகிறோம். ஒரு டீ சொல்லிவிட்டு அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். டீ ஆறிப்போகும். போன வாரம் ஓட்டல்காரர் விவரம் தெரிந்து, படத்தைக் கழற்றித் தருகிறேன், வீட்டுக்கே கொண்டுபோங்கள் என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சித்தப்பா அவசரமாகக் கையை ஆட்டினார்.

"வேணாங்க. இத ஊட்ல மாட்டுனா அவ என்ன சும்மா வுடமாட்டா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "இங்கயே இருக்கட்டும். நானே வந்து பாத்துட்டுப் போறேன்."