லார்ஜருக்கு முன்னால் இருந்த சொல்

ஈப்போவில் ஒரு துணிக்கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். சட்டைகளை மடித்து ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று அடுக்கி வைக்க வேண்டும். யாராவது போட்டுப் பார்த்துவிட்டு "லார்ஜர்?" என்று கேட்டால் அதைவிடப் பெரியதை எடுத்து நீட்டுவேன். இரண்டாம் படிவத்தோடு, பதினாலு வயதிலேயே, பள்ளியை விட்ட எனக்கு இங்கிலீஷில் உறுதியாகத் தெரிந்த சொற்கள் கொஞ்சம்தான். லார்ஜர் அதில் ஒன்று. அதை நம்பித்தான் அன்றைக்குக் கூட்டத்தில் வாயைத் திறந்தேன்.

நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டம் சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அதை ஒரு வீடமைப்புக் கம்பெனி வாங்கியது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மிச்சமிருந்த முப்பது சொச்சம் குடும்பங்களுக்கு மாற்று வீடு தருவதாகச் சொல்லி ஒப்பந்தத் தாள் அனுப்பினார்கள். மலாய் மொழியில் இருந்திருந்தால் பாதிப் பேர் தாங்களே படித்திருப்பார்கள். அது பன்னிரண்டு பக்கமும் இங்கிலீஷ்.

என் பெரிய அண்ணன் தோட்டத்து ஆபிஸில் கிராணியாக எழுத்து வேலை பார்த்தவர். அப்பா போன பிறகு எனக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கித் தந்தவர், என் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியவர். குடியிருப்பாளர் குழுவுக்கும் அவர்தான் தலைவர். கம்பெனிக்காரர்களிடம் எங்களுக்காகப் பேசப் போய் வந்ததும் அவர் ஒருவர்தான்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு, தாளை வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். "புது வீடு இப்ப இருக்கிற வீட்டைவிடப் பெருசா இருக்கும்னு எழுதியிருக்கு."

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா எழுந்தார். "எழுதியே இருக்கா தம்பி? இல்ல, வாய்ப் பேச்சுதானா?"

அண்ணன் கோபப்படவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடிக் கூப்பிட்டார். "நான் சொல்றது வேணாம். என் தங்கச்சி படிச்சுச் சொல்லட்டும். இங்க வாம்மா, இந்த எடத்தப் பாரு."

அவர் விரல் வைத்த இடத்தில் லார்ஜர் தென் என்று இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ஆமாக்கா, லார்ஜர்னுதான் இருக்கு. பெருசுதான்," என்றேன். அத்தனை பேர் முன்னால் இங்கிலீஷ் வாசித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அந்த அக்கா நேராக வந்து முதல் ஆளாகச் சைன் வைத்தார். பெண்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால் வந்தார்கள்.

வீடுகள் கட்டி முடிந்து சாவி வாங்கிய அன்று என் அலமாரி அறைக்குள் நுழையவில்லை. வெளியே போட்டு அறுத்து இரண்டாக்கினோம். கட்டிலைப் போட்ட பிறகு கதவு பாதிதான் திறந்தது. பக்கத்து வீட்டு அக்கா பிரிட்ஜை ஹாலில் வைத்துவிட்டு அதன் மேல் சாமி படத்தை மாட்டினார். லயத்து வீடே இதற்கு மேல் என்று எல்லாரும் பேசினார்கள்.

எங்களைவிட அதிகமாகக் கொதித்தது அண்ணன். "எழுதிக் குடுத்துட்டே ஏமாத்திட்டானுங்க லா," என்று சத்தம் போட்டார். புகார் எழுதினார். பதாகை பிடிக்கச் சொன்னார், பிடித்தோம். அவருக்கு மட்டும் பக்கவாட்டில் நிலத்தோடு கார்னர் வீடு. குலுக்கலில் விழுந்ததாகச் சொன்னார். எந்தக் குலுக்கல் என்று யாரும் கேட்கவில்லை.

துணிக்கடையை மூடிவிட்டதால் ஈப்போவில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குப் போனேன். விருந்தாளிகள் அறையைப் பற்றிக் கேட்டால் எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்று செவ்வாய்க்கிழமை மதியங்களில் இங்கிலீஷ் வகுப்பு வைத்தார்கள். சொல்லிக்கொடுத்தது ஒரு சீனப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

அன்றைக்குப் பாடம் அளவு. முகம் துடைக்கும் துண்டையும் குளியல் துண்டையும் இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்தாள். ஸ்மாலர் தென், பிக்கர் தென். என்னோடு வேலை செய்த ஒருத்தி "மோர் பிக்கர்" என்றாள். பிக்கர் என்றாலே அதில் மோர் அடங்கிவிட்டது, மறுபடி சேர்க்காதீர்கள் என்று ஆசிரியை மலாயில் விளக்கினாள். பிறகு இரண்டு குளியல் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பலகையில் நோ லார்ஜர் தென் என்று எழுதினாள்.

"லெபே பெசார்தானே?" என்று கேட்டேன். இன்னும் பெரிது என்று அர்த்தம்.

"இல்லை, தக் லெபே பெசார்," என்றாள். பெரிதாக இருக்காது. அதே அளவு, இல்லாவிட்டால் அதைவிடச் சின்னது. அந்த நோ மாற்றிவிடும்.

அதற்கப்புறம் அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து பிஸ்கட் டின்னில் இருந்த ஒப்பந்த நகலை எடுத்தேன். ஏழாவது பக்கம். லார்ஜருக்கு முன்னால் நோ இருந்தது. அன்றைக்கு அண்ணனின் கட்டைவிரல் அதை மறைத்திருந்ததா, தெரிந்த சொல்லைப் பார்த்த சந்தோஷத்தில் நான்தான் கவனிக்கவில்லையா, இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. என் படிப்பை நம்பாமல் அடுத்த வகுப்பில் அந்த ஆசிரியையிடம் காட்டினேன். அவளும் அதையேதான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். கார் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த நோ அப்பவே இருந்துச்சா?"

தாளைப் பார்த்தார். குழாயை மூடினார். "இருந்துச்சு."

"தெரிஞ்சேவா பெருசுன்னு சொன்னீங்க?"

"சொல்லலன்னா ஒருத்தனும் சைன் வச்சிருக்க மாட்டான். கேஸுன்னு அலைஞ்சிருப்பீங்க. இப்ப தலைக்கு மேல ஒரு கூரையாச்சும் இருக்கா இல்லையா?"

"கார்னர் வீடு?"

அவர் ஈரத்துணியைப் பிழிந்தார். கதவோரம் வந்து நின்ற அண்ணி உள்ளே போய்விட்டார்.

"என்னை ஏண்ணே கூப்பிட்டீங்க? நீங்களே சொல்லியிருக்கலாமே."

"நீ சொன்னா பொம்பளைங்க நம்புவாங்க," என்றார். "உனக்கு லார்ஜர் தெரியும், மத்தது தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."

திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அவர் அதை ஆபிஸ் விஷயம் சொல்வதுபோலச் சொன்னார். வீட்டுக்கு நடந்து வரும்போது கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. எனக்கு எவ்வளவு தெரியும் என்று என்னைவிட அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. அந்த அளவுக்கு மேல் நான் ஒருநாளும் போகமாட்டேன் என்றும் நினைத்திருக்கிறார்.

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு அக்காவிடம் தாளைக் கொண்டுபோய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் முடிக்கும்வரை மடித்துக்கொண்டே இருந்தார்.

"உங்கண்ணன நான் எப்பவும் முழுசா நம்புனதில்லம்மா," என்றார். "நீ பாத்துச் சொன்னதாலதான் வச்சேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுத்த துணியை எடுத்து மடித்தார்.

நாலைந்து பேர் தாளை ஒரு வக்கீலிடம் கொண்டுபோனார்கள். எழுதியிருப்பதைத்தான் கம்பெனி கொடுத்திருக்கிறது, சைனும் நீங்கள் வைத்ததுதான் என்று அவர் அனுப்பிவிட்டார். அண்ணன் உடம்பு முடியவில்லை என்று தலைவர் பதவியை விட்டார். அவரை எதிரில் பார்த்தால் ஆண்கள் இன்னும் தலையாட்டுகிறார்கள். பெண்கள் என்னிடம் அளவாகப் பேசுகிறார்கள்.

போன மாதம் அண்ணன் மகளுக்கு நிச்சயம் நடந்தது. நான் போகவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் போய் வந்தார்.

"உங்கண்ணன் உன்னக் கேட்டாரு," என்றார். "காய்ச்சல்னு சொல்லிட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க? வர இஷ்டமில்லன்னே சொல்லியிருக்கலாமே."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனார்.