அண்ணியைக் கேட்காமல் போட்ட கணக்கு

அந்த அடுப்பைக் குட்டியானை வண்டியிலிருந்து இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. புதுச்சேரியில் ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெளிநாட்டுக் குடும்பத்திடமிருந்து என் அண்ணன் அதை வாங்கி வந்திருந்தார். மேலே பாத்திரம் வைத்துச் சூடேற்ற ஐந்து தட்டு, கீழே இரண்டு ஓவன், எல்லாமே மின்சாரம். சிதம்பரம் வீட்டுச் சமையலறையில் அதை நிறுத்தியதும் அண்ணி முந்தானையால் அதன் விளிம்பைத் துடைத்துவிட்டு, "இனிமே சிலிண்டருக்குக் காத்துக் கெடக்க வேணாம்" என்று சிரித்தார். அண்ணி வாய்விட்டுச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையின் மின்பராமரிப்புப் பிரிவில் எனக்கு வேலை. அன்று மாலையே கடலூர் பஸ் பிடித்துவிட்டேன். அந்த வாரத்திலேயே அண்ணனின் சிநேகிதரான கான்ட்ராக்டர் வந்து ஒயரிங் வேலையை முடித்துவிட்டார். அன்று அங்கே நடந்த பேச்சை அண்ணி வெகுநாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்.

தட்டு, ஓவன் எல்லாவற்றையும் கூட்டினால் ஐம்பது ஆம்பியர் வந்ததாம். ஆனால் வீட்டு அடுப்பில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடமாட்டார்கள் என்று ஒயரிங் விதிநூலில் ஒரு சலுகை உண்டு. முதல் பத்து ஆம்பியரை முழுதாக எடுத்து, மிச்சம் நாற்பதில் நூற்றுக்கு முப்பது வீதம் பன்னிரண்டைச் சேர்த்து, பக்கத்துப் பிளக்குக்கு ஐந்து கூட்டினால் இருபத்தேழு. கான்ட்ராக்டர் அப்படித்தான் போட்டார். அதற்கேற்ற ஒயர், பாரம் மீறினால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்த அதற்கேற்ற பிரேக்கர். "அஞ்சையும் ஒண்ணா எந்த வீட்ல போடுறாங்க?" என்று அவர் கேட்டபோது, காபி டம்ளர்களோடு நின்ற அண்ணி, "நான் போடுவேனே" என்றாராம். அண்ணனும் கான்ட்ராக்டரும் சிரித்தார்களாம்.

கணக்கில் பிழை இல்லை. மூன்று பேர் சாப்பிடும் வீட்டுக்கு அது சரியான கணக்கு. ஆனால் எங்கள் வீடு தேரோடும் வீதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மார்கழித் தேருக்கும் ஆனித் தேருக்கும் புவனகிரியிலிருந்தும் திட்டக்குடியிலிருந்தும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வந்து இறங்குவார்கள். கிழக்கு வெளுக்குமுன்பே அண்ணி எல்லா அடுப்பையும் மூட்டியாக வேண்டும். இருபது வருஷமாக அப்படித்தான் மூட்டிக்கொண்டிருந்தார். அடுப்பு யார் கைக்கு வந்ததோ, அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த மார்கழியில் பிரேக்கர் மறுபடி மறுபடி விழுந்தது. விருந்தாளிகள் முன்னால் அண்ணனுக்கு மானம் போயிற்று. தெருவோடு போன ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, "சும்மா சும்மா விழுது, பெருசா ஒண்ணு மாட்டு" என்றார். பிரேக்கர் பெரிதானது. சுவருக்குள் போன ஒயர் அதே பழைய ஒயர்தான். அப்புறம் ஒயர் தாங்காமல் சூடேறியபோதும் பிரேக்கர் விழவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனித் தேரன்று காலை சமையலறைச் சுவர் கருகியது. அடுப்பின் சுவிட்சுப் பெட்டி இளகிப் புகைந்தபோது, அணைக்கப் போன அண்ணியின் வலது கையில் உருகிய பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டது. அப்போதும் பிரேக்கர் விழவில்லை. சேதி கேட்டு ஆஸ்பத்திரிக்கு நான் ஓடியபோது, வராந்தாவில் சொந்தக்காரர்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். "ஒண்ணு ஒண்ணா போட்டிருக்கலாம்ல" என்றாள் ஒரு சித்தி. அண்ணனும், "ஆமா, அஞ்சையும் ஒண்ணா போட்டா எந்த ஒயர் தாங்கும்?" என்றார்.

"அந்தப் பிரேக்கர் எத்தினி தடவ சொல்லிச்சு? அது வாய அடச்சது நீதானே அண்ணா. அவுங்க மேல ஏன் போடுற?" என்று கத்தினேன். ஆஸ்பத்திரியில் சத்தம் போடாதே என்றார்கள். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு நானே நின்று மும்முனை இணைப்பு வாங்க வைத்து, அடுப்புக்குத் தடித்த ஒயரில் தனி லைன் இழுக்க வைத்தேன். ஐந்து தட்டும் இரண்டு ஓவனும் நாள் முழுக்க எரிந்தாலும் அது தாங்கும். அண்ணிக்கும் அது தெரியும்.

அடுத்த மார்கழித் தேருக்கு வீடு நிறைய ஆட்கள். அண்ணி ஒரே ஒரு தட்டைப் போட்டார். சாம்பார் இறங்கிய பிறகு சோறு, சோறு இறங்கிய பிறகு பொரியல். நான் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கினேன். இன்னொரு தட்டைப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மத்தியானம் தாண்டியதும் அண்ணன் வந்து, "இன்னுமா ஆவல?" என்றார்.

"ஒண்ணு ஒண்ணாத்தான் போடணும்னு ஆஸ்பத்திரில சொன்னீங்களே. போட்டுக்கிட்டிருக்கேன்" என்றார் அண்ணி, திரும்பிப் பார்க்காமல்.

விளக்கு வைக்கும் நேரத்தில்தான் இலை போட்டோம்.

அண்ணியின் இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. இடது கையால் மாவு பிசையக் கற்றுக்கொண்டுவிட்டார். அண்ணன் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. போன மாதம் எனக்குப் போன் செய்தார். கடலூரில் அவர் மகன் வீடு கட்டுகிறான், சமையலறைக்குப் பெரிய மின்சார அடுப்பு வருகிறது, எத்தனை ஆம்பியர் என்று நான் கணக்குப் போட்டுத் தர வேண்டுமாம்.

"மருமவ எப்படிச் சமைப்பான்னு கேட்டியா?" என்றேன்.

"அவளுக்கு ஆம்பியரப் பத்தி என்னா தெரியும்?" என்றார்.

போனை வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் எண்ணுக்கு அழைத்தேன்.