நொஷாட்டலில் ஒரு செத்தவீடு

சுவிசின் ரெனான் ஊரில் நாங்கள் எல்லோரும் ‘அண்ணை’ என்று கூப்பிடுகிற மனிதர் போர்க்காலத்தில் ஒரு தளபதி. 2009க்குப் பிறகு இங்கே வந்து, ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். யாருக்கும் பிடிக்காத ஞாயிறு வேலையை முதலில் தானே எடுத்துக்கொள்வார். பிறகு அவர் சொல்வதை மற்றவர்களால் மறுக்க முடியாது. ஆளை வேலை வாங்குகிற வித்தை அது. போரில் என் தம்பியும் அவருக்குக் கீழேதான் நின்றான். முன்னரங்கு உடைந்த அன்று அங்கேயே செத்துப்போனான்.

பக்கத்து அணியின் தளபதி உதவிக்கு ஆள் அனுப்பாமல் கைவிட்டதால்தான் உடைந்தது என்று ஊரெல்லாம் கதை. அந்த மனிதரும் பின்னர் எங்களுக்குப் பக்கத்து நகரமான நொஷாட்டலுக்கு வந்து சேர்ந்தார். அவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று நான் சொல்லித் திரிந்தேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அண்ணையும் பேசாமல் இருந்தார்.

ஒரு மாரிகாலத்தில் அந்த மனிதரின் மனைவி இறந்துபோனார். நல்லதுக்குக் கூப்பிட்டால் போகலாம், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அண்ணையிடம் கார் இல்லை.

“என்னைக் கொண்டுபோய் விடுறீரோ?” என்று கேட்டார்.

“விடுறன். ஆனா நான் உள்ளுக்கு வரமாட்டன்.”

எங்கள் செத்தவீடு என்றால் வீதிவரைக்கும் கார் நிற்கும். அன்று மயானத்து மண்டபத்தின் முன்னால் நாலைந்துதான் நின்றன. எனக்கு அது திருப்தியாகவே இருந்தது.

“செய்த வினை சும்மா விடுமோ?” என்றேன்.

கதவைத் திறந்த அண்ணை இறங்கவில்லை.

“அவன் உதவிக்கு வரத்தான் வெளிக்கிட்டவன். நான்தான் வோக்கிடோக்கியில வரவேண்டாம் எண்டு சொன்னனான். அவன்ர அணிக்குப் பின்னால சனம் கடந்துகொண்டிருந்தது. அவன் விலகியிருந்தா அவ்வளவு சனமும் முடிஞ்சிருக்கும்.”

“அப்ப ஏன் அந்தாள் பழியைக் கேட்டுக்கொண்டு இருந்தது?”

“உதவி வேண்டாமெண்டது நான்தான் எண்டு தெரிஞ்சா, மிஞ்சின பெடியள் எனக்குக் கீழ நிக்கமாட்டாங்கள். ‘என்னையே குறை சொல்லட்டும்’ எண்டான். இஞ்ச வந்த பிறகு சொல்லியிருக்கலாம். எனக்குத் துணிவு வரேல்லை.”

அவரை ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது. எத்தனை நாள் என் வீட்டில், தம்பியின் படத்துக்கு முன்னால் இருந்து சோறு தின்ற மனிதர்! அவர் இறங்கி உள்ளே போனார். நான் காரிலேயே இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் செத்தவரின் சகோதரன் வந்து கண்ணாடியில் தட்டினார்.

“குறை நினையாதேங்கோ. வந்த மிச்சப்பேர் வயசாளியள், பெட்டி தூக்க ஒராள் காணாது.”

ஒரு காலத்தில் எத்தனையோ பேரை நடத்திய மனிதருக்கு, மனைவியைத் தூக்க நாலு பேர் இல்லை. பிணத்தோடு எனக்கென்ன கோபம்? போனேன்.

மனைவியை இழந்தவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். “தம்பியின்ர சாயல்,” என்றார். ஒதுங்கி எனக்கு இடம் விட்டார். அவரும் நானும் பின்பக்கம் பிடித்தோம். முன்னால் செத்தவரின் சகோதரனும், எனக்கு நேரே அண்ணையும் நின்றார்கள். என் தம்பிக்கு உதவி வரவேண்டாம் என்று சொன்ன மனிதரின் முதுகைப் பார்த்தபடி, அவர் கால் வைத்த வேகத்துக்கே நானும் நடந்தேன்.