வாய்க்கட்டோடு நடந்த ஆடிக் கார்த்திகை

தென்காசியில் கல்வீடு கட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் வீட்டுச் சுவரில் இந்த ஆதித்தனின் சுண்ணாம்புதான் இருக்கும். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. சந்தையில் மூட்டை தூக்கி, வண்டியும் மாடும் வாங்கி, இருபத்து மூன்று வயதில் சுண்ணாம்பு சுடச் சொந்தக் காளவாசல் போட்டவன். யாரிடமும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்டதில்லை. சாமியிடமும்தான். 'நான் சுமந்த மூட்டைக்கு முருகனா தோள் கொடுத்தான்?' என்பேன். என்னை எதிர்த்துப் பேசச் சொந்தத்தில் ஆள் கிடையாது, மாமன் மகள் உலகம்மாள் ஒருத்தியைத் தவிர.

எங்கள் குடும்பத்தில் கல்யாணமாகாத இளவட்டங்கள் ஆடிக் கார்த்திகைக்குக் குற்றால அருவியில் தண்ணீர் பிடித்து, பண்பொழி மலைக்கு நடந்து போய் முருகன் அபிஷேகத்துக்குக் கொடுப்பது வழக்கம். அவர்களில் ஒருவன் மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொள்வான். சன்னதியில் கட்டை அவிழ்த்து 'முருகா' என்று சொல்லும்வரை அவன் பேசக் கூடாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் அருவிக்கரையில் வைத்து, இந்தத் தடவை வாய் கட்டுவது யார் என்று பேச்சு வந்தது. பெரியப்பா மகன் சுந்தரபாண்டிதான் எங்களில் மூத்தவன்.

"ஏலே ஆதித்தா, நீ கட்டுதியா?" என்றான்.

"நல்ல ஆளப் பாத்தீக! அருவியக்கூட நிப்பாட்டிரலாம், இந்த அத்தான் வாய நிப்பாட்ட முடியுமா?" என்றாள் உலகம்மாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"கொண்டாட்டி அந்தத் துணிய!" என்று பிடுங்கி நானே கட்டிக்கொண்டேன். பக்தி இல்லை, ரோஷம்.

இலஞ்சி தாண்டியதும் தொப்புளைச் சுற்றி வலித்தது. பசி என்று நினைத்தேன். செங்கோட்டையை நெருங்கும்போது வலி வலது அடிவயிற்றில் இறங்கி, ஆணி அடித்தது போல நின்றுவிட்டது. துணியை அவிழ்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் உலகம்மாள் ஆயுசுக்கும் சிரிப்பாளே! அந்த வலியோடு வேறு ஒருவன் பத்தடி நடந்திருக்க மாட்டான். நான் செங்கோட்டையைக் கடந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. தண்ணீர்ச் செம்பை இறக்கி வைத்துவிட்டு, உடம்பெல்லாம் நடுங்க ரோட்டோரம் மடங்கி விழுந்தேன்.

"அண்ணனுக்குச் சாமி வந்துட்டு!" என்று சித்தப்பா மகள் ஒருத்தி கத்தினாள்.

அவ்வளவுதான். வாய் கட்டினவன் நடுங்கினால் எங்கள் ஆட்களுக்கு வேறொன்றும் தோன்றாது. சுந்தரபாண்டி என் முகம் நிறையத் திருநீறு அள்ளிப் பூசினான். வழியே போன பெண்கள் காலில் விழுந்தார்கள். அதில் ஒருத்தி, "அய்யா முருகா, எங்க செவலப் பசுவக் காணல. கிழக்க போயிருக்கா, மேக்க போயிருக்கா?" என்றாள். வலியில் கையை உதறினேன். "மேக்கதான்! சாமி கை காட்டிட்டு!" என்று எழுந்து ஓடியே போய்விட்டாள்.

உலகம்மாள் மட்டும் கும்பிடவில்லை. குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"பெரியத்தான், சாமி வந்தா ஆடும்லா? இவுக வயித்தப் பிடிச்சிக்கிட்டுச் சுருளுதாக."

"தள்ளிப் போட்டி. சாமிகிட்டயா விளையாடுத?" என்று அதட்டினான் சுந்தரபாண்டி.

அவள் நகரவில்லை. "அத்தான், நீங்க பேசாண்டாம். வலிக்குன்னா கண்ண ஒரு தடவ மூடித் தொறங்க."

எனக்கு மனம் வரவில்லை. யார் தயவும் வேண்டாம் என்று வளர்ந்தவன் அல்லவா? ஆனால் அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. கண்ணை மூடித் திறந்தேன்.

அவள் போட்ட சத்தத்தில் ரோட்டில் போன குதிரை வண்டி நின்றது. வண்டிக்காரர் பரீது தம் சவாரியை இறக்கிவிட்டு என்னை ஏற்றிக்கொண்டார். சுந்தரபாண்டியும் உலகம்மாளும் கூடவே ஏறினார்கள். சாரலில் நனைந்துகொண்டே தென்காசி ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தோம்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "குடல்வால் வீங்கியிருக்கு. வெடிச்சா ஆள் பிழைக்க மாட்டான். இப்பவே அறுக்கணும். மயக்க மருந்து கொடுக்கணும், அந்தத் துணிய அவுங்க" என்றார்.

சுந்தரபாண்டி கையைப் பிசைந்தான். "சன்னதிக்குப் போகாம அவுத்தாத் தெய்வக் குத்தமாயிருமே, டாக்டரய்யா."

"பெரியத்தான், சன்னல் வழியாப் பாருங்க. மேக்க மலை தெரியுதுல்லா? நமக்கு மலை தெரியும்போது அவருக்கு நாம தெரிய மாட்டமா?" என்று கேட்டுக்கொண்டே உலகம்மாள் முடிச்சை அவிழ்த்தாள். "சொல்லுங்க அத்தான்."

வழக்கத்துக்குச் சொல்லி வைப்போம் என்றுதான் வாயைத் திறந்தேன். "முருகா" என்றேன். அதோடு நிற்கவில்லை. "என்னக் காப்பாத்து" என்றும் வந்துவிட்டது. நான் யோசித்துச் சொல்லவில்லை, அதுவாக வந்தது. பிறந்ததிலிருந்து நான் வாய்விட்டுக் கேட்ட முதல் உதவி அது. கேட்ட மாத்திரத்தில் பயம் விட்டுப் போனது. மருந்து வாடையிலே சுகமாகத் தூங்கிப்போனேன்.

இப்படி உரமான உடம்பைத் தாம் அறுத்ததே இல்லை என்று டாக்டரே சொன்னார். 'பிழைக்க வைத்தது டாக்டர், முருகன் எங்கே வந்தான்?' என்று இன்று என் பேரன்மார் கேட்கிறார்கள். அறுத்தது டாக்டர், ஓடியது பரீதின் குதிரை, என் கண்ணைப் பார்த்தவள் உலகம்மாள். இத்தனையையும் ஒரே நாளில் எனக்காகக் கூட்டி வைத்தவன் யார்? பதில் சொன்னவன் இதுவரை இல்லை.

தை மாதம் உலகம்மாளைக் கட்டிக்கொண்டு, இரண்டு பேருமாகப் பண்பொழி மலை ஏறினோம். பாதிப் படியில் தையல் போட்ட இடம் இழுத்தது.

"உலகம், கையக் கொடு" என்றேன்.

"என்ன சொன்னிய? காத்துல கேக்கல" என்றாள், படியில் ஆட்கள் நிற்பதைப் பார்த்துக்கொண்டே.

சத்தமாகவே கேட்டேன்.